நாகலகம் வீதியில் ஐந்தடி

ரேடியோ நீர்மட்டம் சொன்னது.
ஜெசிந்தா அரிவாளை எடுத்துவிட்டாள்.
வெல்லம்பிட்டியில் குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கர் சேறு,
பாலத்து விளக்கு வெளிச்சத்தில்
கங்குன்.
அட்டை கடித்த இடத்தைத் தேய்க்க நேரமில்லை.
இருபது கட்டு, நாற்பது,
பிறகு எண்ணவில்லை.

விடிய நாலுக்குப் பேலியகொடை.
எல்லோரும் வெட்டியிருந்தார்கள்.
எல்லோரும் அதே ரேடியோவைக் கேட்டவர்கள்.
பத்து ரூபாவுக்கும் ஒரு கை நீளவில்லை.
த்ரீவீல்காரன் கூலியில்
ஒரு சதமும் விடவில்லை.

திரும்பினால்
படியேறி உள்ளே வந்திருந்தது களனி கங்கை,
பாயில், அடுப்பில்,
மகனின் ஒற்றைச் சப்பாத்தில்.

மூன்றாம் நாள்
பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்தாள்:
அவள் வெட்டிய அடித்தண்டுகள்
வெள்ளத்துக்கு மேலே
பச்சையாய் மூக்கு நீட்டி நின்றன.

"உனக்கென்னடி" என்றாள்,
ஏசுவதுபோல்.
இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்,
அரிவாள் இருந்தது.