தேய்மானக் காரணம்

சுங்கை சிப்புட்டில் மழை.
எஸ்டேட் ஆபீஸ் பின்னறையில்
பழைய மலாய் நாளிதழை விரித்து
பிஸ்டலைப் பிரித்துப் போட்டேன்.
அறை காலிதானா என்று
கண்ணால் ஒருமுறை, சுண்டுவிரலால் ஒருமுறை
பார்த்த பிறகுதான்.

ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால்
இரண்டு சுருள் குட்டை.
காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியில்
அரிசிக் குறுணை அளவு உடைசல்.
இரண்டும் மாற்றியாயிற்று.

பதினொரு வருஷம்
துணைப் போலீஸ் பரஞ்சோதியின் இடுப்பில் இருந்தது.
சுட்டது ஆண்டுக்குப் பன்னிரண்டு,
ஈப்போ திடலில், அட்டை மனிதன்மேல்.
பதிவேடு அவ்வளவுதான் சொல்கிறது.

ஆனால் இந்தப் பூட்டு நெம்புகோல்?
வரிவரியாய் இருக்கவேண்டிய இடம்
கரைந்த சோப்பு மாதிரி வழுவழு.
தள்ளினால் சத்தமில்லை.
தானாகவே விழுகிறது.

பன்னிரண்டு தோட்டா செய்கிற வேலையா இது?
சம்பளம் பேங்குக்குப் போனபின்
உர மூட்டைக்கும் செம்பனைக் குலைக்கும்தான் காவல்.
விடியும்வரை கொட்டகையில்
ஒரு கட்டைவிரல்,
மேலே, கீழே.
அது என்ன கேட்டதோ.
எத்தனை ஆயிரம் முறை
வேண்டாம் என்று திரும்பியதோ.

போன வியாழன் பசார் மாலாமில் பார்த்தேன் அவரை.
செண்டோல் விற்கிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.
மீதிச் சில்லறை தரும்முன்
ஐம்பது காசின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார்.
"சீனி போதுமா, தம்பி?"

பாரத்தில் ஒரு கட்டம்: தேய்மானக் காரணம்.
வழக்கமான உபயோகம் என்று எழுதிவிட்டு
பழையதை உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.

புதிய நெம்புகோல் டிக் என்றது.
ஒருமுறை சோதித்தால் போதும் என்கிறது கையேடு.
நான் நாலுமுறை.