மூன்று கோடுகள்

பதினான்கு ஆட்டம், இரண்டு கோல்.
"நாற்பது லட்சம் யூரோ தண்டம்" என்கிறார்
பக்கத்து இருக்கை போகுமீல்,
சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பியபடி.

நானும் போன வாரம்வரை ஊளையிட்டவன்தான்.

க்தான்ஸ்கின் இந்தப் பனியில்
கையுறைக்குள் விரல் மடக்கி நிற்கிறான் பெருட்டி.
மொந்தேவிதேயோவில் அவனுக்கு
இடப்பக்கம் ஒருவன் இருந்தானாம், இலாரியோ.
இவன் திரும்பிப் பாராமல் ஓடுவானாம்,
பந்து வந்துவிடுமாம்.
அந்த இடது காலை
யாரும் விலை பேசவில்லை.

இன்று நுழைவுச்சீட்டின் பின்புறம் கோடு கிழித்தேன்,
அவனிடம் வந்த ஒவ்வொரு பந்துக்கும்.
தொண்ணூறு நிமிடம். மூன்று கோடு.
ஒன்று முழங்கால் உயரத்தில்,
ஒன்று முதுகுக்குப் பின்னால்.

மூன்றாவது, கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

போகுமீல் எழுந்து கத்துகிறார்.
நான் சீட்டை மடிக்கிறேன்,
பின்பக்கம் இன்னும் நிறைய வெள்ளை.