பதினோரு பச்சை

கொண்டலாம்பட்டிச் சாயப்பட்டறையின் பின்னறையில்
நிறம் ஒப்பிடுவது என் வேலை.
பதினோரு நாட்டுப் பட்டாளத்துக்குப்
போர்வையும் மெத்தை உறையும் இங்கிருந்து போகின்றன.
பதினொன்றும் பச்சை.
பதினொன்றும் வேறு பச்சை.

போர்ச்சுகல் கேட்பது காயத் தொடங்கிய கொய்யா இலை.
பின்லாந்துக்கு,
மழை நின்ற மறுநாள் ஏற்காட்டு வளைவுகளில்
பாறை மேல் தெரியும் பாசி.
பெல்ஜியத்தை வாழைக்காய்த் தோல் என்று
நோட்டில் குறித்திருக்கிறேன்;
கணினிக்கு அது எட்டு இலக்க எண்.
ஒரு சொட்டு மஞ்சள் கூடினால்
கப்பலேறிப் போனது கப்பலேறித் திரும்பும்.

போன வாரம் ராட்டர்டாமிலிருந்து கடிதம்.
எல்லா நாட்டுக்கும் ஒரே படை என்று பேச்சாம்.
வந்தால் ஒரே நிறம்தானாம்.
மாதிரிக்குப் பொதுவாக ஒரு பச்சை அனுப்ப முடியுமா?

முதலாளி பத்மலோசனிக்குச் சந்தோஷம்:
ஒரே தொட்டி, ஒரே கொதி, கழுவுகிற தண்ணீர் மிச்சம்.
சௌடப்பன்தான் கேட்டார்,
"அப்போ சுடுன்னு சொல்றது யாரு?"

எங்களுக்கும் ஒருமுறை
பொதுவாக ஒன்று வேண்டியிருந்தது.
திருமணிமுத்தாறு திங்களன்று ஊதா, வியாழனன்று சிவப்பு என்று
ஓடிக்கொண்டிருந்த காலம்.
அறுபது பட்டறைக்கும் சேர்த்து ஒரே சுத்திகரிப்பு நிலையம்;
அம்மாப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் கூடினோம்.
வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.
தட்டுவடை செட் வந்தது. டீ வந்தது.
அதிகம் பணம் போடுபவர்கள் சாவி தங்களிடம் என்றார்கள்.
சாவி உங்களிடம் இருந்தால்
கழிவு எங்கள் தெருவில்தானே திறக்கும் என்றார்கள் சின்னவர்கள்.
ஆற்றங்கரைக்காரர்கள் இன்றே என்றார்கள்.
மேட்டுக்காரர்கள்
அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார்கள்.
பதினான்கு வருஷம்.
அந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம்,
நட்டது நட்டபடி ஒரு பெயர்ப்பலகை.

அதனால் எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.
பின்லாந்து ஆற்றங்கரை.
போர்ச்சுகல் மேடு.

ஆனாலும் ஒன்று.
கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப்
பாதிப் பேர் போய்விட்ட ஓர் ஆடி இரவில்
கொதிகலன் முள் சிவப்பைத் தாண்டியது.
சௌடப்பன் கத்தியது கன்னடத்தில்,
அவசரத்துக்கு அவருக்கு அதுதான் வரும்.
வால்வுக்குப் பக்கத்தில் நின்றவன் ஒடிசாவின் நபகன்;
என் தமிழே அவனுக்கு முக்கால்வாசி புரியாது.
பாய்ந்து மூடினான். சரியான வால்வு.
எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.
"அவர் முகம்" என்றான்.

முகத்தை வைத்துக்கொண்டு ஒரு படை நடத்த முடியுமா,
தெரியவில்லை.
வெந்த முழங்கைக்கு ஆன செலவு யார் கணக்கில் என்று
நாங்களும் ஒப்பந்தக்காரரும் ஐந்து மாதம் பேசினோம்;
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று அந்தப் பொதுப் பச்சையைச் செய்துவிட்டேன்.
பதினொன்றின் சராசரி.
எந்த மரத்திலும் இல்லாத நிறம், பாதி காய்ந்த சாணி மாதிரி.
பெட்டிக்குள் வைத்துக் குழல்விளக்கைப் போட்டேன்:
பதினொன்றும் அதனோடு கூடிக்கொண்டன,
பங்காளிகள் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல.
மஞ்சள் பல்புக்கு மாற்றினேன். நான்கு விலகின.
வாசலுக்கு எடுத்துப்போய்
சேர்வராயன் மலைக்கு நேராக, நாலு மணி வெயிலில் பிடித்தேன்.
பதினொன்றும் பதினொன்று.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பீர்கள் என்று
பதில் கடிதத்தில் கேட்டிருக்கிறேன்.
பழைய தொட்டிகளை உடைக்க வேண்டாம் என்று சொல்லப் போனால்
சௌடப்பன் அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

ராட்டர்டாம் இன்னும் வாய் திறக்கவில்லை.
பின்லாந்து மட்டும்
இந்த மாதம் இரண்டு மடங்கு கேட்டிருக்கிறது,
அதே பாசி நிறத்தில்,
சீக்கிரம் என்று அடிக்கோடிட்டு.