இரண்டு சீருடை

காலை ஏழு முதல் இரண்டு வரை
காரைக்குடி அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளை. ஒப்பந்தச் சம்பளம்.
மூன்றரைக்கு மேல்
செக்காலை ரோட்டுக் கண்ணாடிக் கதவுக்குள் நீலம்.
இரண்டுக்கும் ஒரே செருப்பு.

புதுவயல் மில்லில் மூட்டை தூக்கும் அடைக்கலம்
பத்தொன்பதாம் கட்டிலில் இருந்தார்.
ஸ்கேன் பழுது என்று எழுதி ஒட்டியது
என் கைதான்.
மாலையில் இங்கே வந்து சேர்ந்தவர்
முழித்து முழித்துப் பார்த்துவிட்டு,
"பெரியாஸ்பத்திரியில இருக்கது ஒங்க அக்காவா?" என்றார்.
ஆமாம் என்றுவிட்டேன்.
"அவுக வள்ளுனு விழுவாக. நீங்க பரவாயில்ல."

அக்காவுக்கு அறுபது கட்டில்,
எனக்கு ஆறு
என்று சொல்லவில்லை.

காலையில் பார்த்த டாக்டரேதான் இங்கும்.
அவரை மட்டும்
அண்ணன் தம்பியா என்று கேட்கவில்லை.

டாக்டர்கள் அறையில் பேச்சு நடக்கும்:
அரசும் தனியாரும் கலக்கலாமா, கூடாதா.
டீ ஆறிவிடும். யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.
நான் எந்தப் பக்கம்?
அங்கே மருந்து இல்லாத நாளில்
இங்கிருந்து இரண்டு ஊசி
என் கைப்பையில் போனதுண்டு.
எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

ஒன்பதாம் நாள்
காப்பீட்டு அட்டையில் பணம் தீர்ந்தது.
"மேல்சிகிச்சைக்கு" என்று எழுதி
அதே பேனா அவரைத் திருப்பி அனுப்பியது.
இடுப்புத் தையலில் ஈரம் காயவில்லை.

மறுநாள் வெள்ளையில் நின்றேன்.
கட்டில் இல்லை; தரையில் பாய்.
என்னைப் பார்த்ததும் கையெடுத்தார்:
"தங்கச்சிக்கிட்ட சொல்லிருங்க,
பிளாஸ்க்க அங்கனயே விட்டுட்டேன்."

சரி என்றேன்.
பச்சை மூடி. ஜன்னலோரம் இருக்கும்.