ஆள் அடையாளம்

ஐப்பசி மழை விட்ட வாரம்
புதூரில் எங்கள் தெரு முழுக்கக் கூனி நடந்தது.
பால் பாக்கெட் போடும் சேவியர்
சுவரைப் பிடித்தபடி வந்தார்.
கார்ப்பரேஷன் ஆள் புகை போட்டுவிட்டு
தொட்டி தொட்டியாக டார்ச் அடித்துப் பார்த்தான்.
எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.
நான்காம் நாள் எழுந்து ரசம் வைத்தேன்.

மார்கழிக்குள் தெரு நிமிர்ந்துவிட்டது.
சேவியர் சைக்கிளில் ஏறினார்.
என் விரல்கள் மட்டும் வீங்கியே இருந்தன,
யாரும் வந்து சொல்லாததால்
முடிந்தது தெரியாதவை போல.

காலை ஆறிலிருந்து எட்டு வரை
அவை என்னுடையவை இல்லை.
பால் பாக்கெட் மூலையைப் பல்லால் கிழிக்கிறேன்.
ஜாக்கெட் கொக்கியை மகள் மாட்டுகிறாள்,
ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே.
எட்டரைக்கு மேலூர் பஸ்.
கம்பியைப் பிடிக்க வராததால்
முழங்கையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மேலூர் கோர்ட்டில் நான் டைப்பிஸ்ட்.

பெரியாஸ்பத்திரி. டோக்கன் நூற்றுப் பதினேழு.
டாக்டர் என்னைவிடச் சின்னவள்.
விரல் முட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கினாள்,
வெண்டைக்காய் முற்றலா என்று பார்ப்பதுபோல.
ரத்தத்தில் ஏதோ பாசிட்டிவ்.
"கிருமி போயிருச்சும்மா.
பிடிக்க வந்த ஆளுங்கதான் இன்னும் போகல.
உங்க மூட்டையே கிருமின்னு நினைச்சு அடிக்கிறாங்க."
"அந்தக் காய்ச்சலாலதானா?"
பேனாவை மூடினாள். திறந்தாள்.
"இருக்கலாம்.
உள்ள ஏற்கெனவே தூங்கினதை அது எழுப்பியிருக்கலாம்.
காய்ச்சலே வராட்டியும் வந்திருக்கலாம்.
உறுதியாச் சொல்ல முடியாது."

மூன்று 'லாம்'.
எங்கள் கோர்ட்டில் ஒன்றே போதும்.
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அங்கே பெயர் எதிரி;
சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
ஒன்றாம் எதிரி:
கொசு மேல் ஏறி வந்து மூன்று நாள் தங்கியவன்.
முகவரி இல்லை. கைரேகை மட்டும் கிடைத்தது.
விடுதலை.

அந்த வாரம் நான் அடித்துக்கொண்டிருந்தது
மாயழகு கேஸ்.
பெ. மாயழகு, த/பெ. பெரியகருப்பன், கொட்டாம்பட்டி.
ஆடு திருடியது அந்த மாயழகு.
பிடிபட்டது இந்த மாயழகு.
ஊர் ஒன்று, அப்பன் பெயர் ஒன்று,
இடது புருவத்துத் தழும்புகூட இருவருக்கும்.
நாற்பத்தோரு நாள் உள்ளே.
பிடித்த ஏட்டு கூண்டில் ஏறிச் சொன்னார்:
"ஐயா, என் வேலையைத்தான் நான் செஞ்சேன்."
பொய்யில்லை.
அந்த வரியை அடித்து முடித்ததும்
சுட்டுவிரல் நின்றுவிட்டது.
வலியா வேறு ஏதாவதா, தெரியவில்லை.

சனிக்கிழமை மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை.
காவலுக்கு நிற்பவர்களைக் கொஞ்சம் கண்ணயர வைக்குமாம்.
"காய்ச்சல் வந்தா உடனே வாங்க."
நிஜத் திருடன் வந்தால்
யார் விழிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.
மகளுக்குச் சளி என்றால் தள்ளிப் படுக்கிறேன்.
அவள் அதைக் கோபம் என்று நினைக்கிறாள்.

தீர்ப்பு நகல் வாங்க வந்த மாயழகு
என் மேசை முன்னால் நின்றான்.
பெயர் சரியா பாருங்க என்றேன்.
படிக்கத் தெரியாதாம்.
"எம் பேருதானே தாயி? அவன் பேரு இல்லையே?"
ரெண்டும் ஒண்ணுதானே என்று சொல்ல வந்து,
சொல்லாமல்,
தனித்தாளில் அவன் ஆதார் எண்ணை அடித்துப்
பின் குத்திக் கொடுத்தேன்.
பன்னிரண்டு எண்.
எட்டாவதில் கட்டைவிரல் கெஞ்சியது.

இன்று காலையும் வெந்நீர்ச் சட்டியில் கை.
நாற்பத்தோரு நாளும் அவன் சொன்னானாம்,
நான் அவனில்லை சாமி, நான் அவனில்லை.
மகள் குளிக்கப் போயிருக்கிறாள்.
குனிந்து, முட்டுகளுக்குள்
லத்தியோடு நிற்பவர்களிடம் சொல்கிறேன்:
நான்தான்யா. ஜெசிந்தா.
இந்த வீட்டுக்காரி.

மணி ஆறு முப்பத்தைந்து.
மோதிரவிரல் பாதி மடங்குகிறது.