அசைந்த படம்

கல்முனைக் கடைப் பொடியன்
திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிக் கேட்டான்:
"ஈபிள் கோபுரத்துக்குத் தலையக் காணல்லியே ராத்தா?"

ஹிமாயாவின் உயரத்துக்குக் குந்தி எடுத்தது.
தலையும் வேண்டுமென்றால்
அவள் விழுந்துவிடுவாள் படத்திலிருந்து.

ஆல்ப்ஸ் மலை வந்த நேரம்
அகீல் வாயைத் திறந்து தூங்கினான், கன்னமெல்லாம் சொக்லட்.
மலையை யன்னலோரம் ஒதுக்கிவிட்டேன்.
கையுறை தொலைந்த அழுகை மட்டும்
பதினொரு படம்.

பதினொன்று நாற்பத்திரண்டு: கொலோன் ரயில் நிலையம், புறாக்கள்.
அடுத்தது பதினொன்று ஐம்பத்தெட்டு.
இடையில் ஒன்றுமில்லை.

கமரா நெஞ்சில் இடித்து இடித்து ஆட
படியெல்லாம் ஏறி இறங்கி ஓடினேன்,
சிவப்புக் குளிர்ச்சட்டை ஒவ்வொன்றும் அவளாகி
அவளில்லாமல் ஆகி.
அவரிடம் கேட்டுப் படித்த ஆங்கிலம் எங்கோ போயிற்று.
"எங்ககா போனாய்!"
அத்தனை சனத்தில் ஒருவரும் திரும்பவில்லை,
தூணுக்குப் பின்னால்
புறாவோடு ரொட்டி பங்கிட்டவளைத் தவிர.

"இது அசைஞ்சு போயிருக்கு, அழிக்கவா?"

ஐம்பத்தெட்டு.
ஒரு சிவப்புக் கறை, பாதி மூக்கு.

அதைத்தான் பெரிதாகக் கழுவச் சொன்னேன்.
வரும் வழியில்
மாளிகைக்காட்டுக் கடையில் இறங்கி
உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத
ஆணி ஒன்று வாங்கினேன்.