தூங்காமல் வரவும்

‘தூங்காமல் வரவும்’ என்று
சீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது நான்தான்.
தலைக்கு எண்ணெய் வேண்டாம்,
டீ காப்பி கூடாது,
இரவு முழுக்க ஒரு பொட்டும் கண்ணயரக் கூடாது.
காலை எட்டு மணி, மஞ்சக்குப்பம், இரண்டாம் மாடி.

பாடலீஸ்வரன் வந்தார்.
சிப்காட்டில் வால்வு திருகும் வேலை.
போன மாதம் ஷிப்ட் முடியும் நேரத்தில்
இரண்டு நிமிஷம் எங்கேயோ போய்விட்டு வந்தவர்.
‘மயக்கம் இல்லம்மா. நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.
கை வால்வு மேலயே இருந்துச்சு.
நாந்தான் இல்ல.’

ராத்திரியை எப்படி ஓட்டினீர்கள் என்றேன்.
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.
பதினொன்று வரை டிவி.
பிறகு அவரும் அஞ்சலாட்சியும்
முதுநகரிலிருந்து துறைமுகம் வரை நடந்திருக்கிறார்கள்.
உப்பனாற்றோரம் நின்று படகு விளக்குகளை எண்ணினார்களாம்.
அவருக்குப் பதினேழு, அவளுக்குப் பதினாலு.
மறுபடி எண்ணியதில் அவருக்கு இருபத்திரண்டு.
மூன்று மணிக்கு ஒரு சண்டை,
எட்டு வருஷத்துக்கு முன் அடகு போன வளையலைப் பற்றி.
‘ஒண்ணுமில்லாத விஷயம்மா.
எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.’

தூக்கம் கெட்ட மண்டைக்குள்
பயத்தையும் கோபத்தையும் பார்த்துக்கொள்ளும்
பாதாம்பருப்பு அளவு முடிச்சு ஒன்று
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்று
பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்.
வளையலைப் பற்றிச் சொல்லவில்லை.

பசை தடவி இருபத்தொரு ஒயர்.
திரையில் அவர் தலை கோடுகோடாக ஓட ஆரம்பித்தது.
கண்ணைத் திறந்தே வைத்திருங்கள்,
நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள்.
தொண்ணூத்திமூணு.
எண்பத்தாறு.
எழுபத்தொம்பது.
எழுபத்தி

கண் திறந்துதான் இருந்தது.
உதடுகூட அசைந்தது.
திரையில் மட்டும், நெற்றிக்குப் பின்னால் ஒரு மூலையில்,
அலை பெருத்து, சோம்பி, மெல்லப் புரண்டது,
சில்வர் பீச்சில் காற்று விழுந்தபின் வருமே, அந்த மாதிரி.
தானே புயலுக்கு அப்புறம்
எங்கள் தெருவுக்குக் கரண்ட் இப்படித்தான் வந்தது.
எதிர்வீட்டில் மிக்சி ஓடும்.
எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி.
ஊரைக் கேட்டால், விளக்கு எரிகிறது என்றுதான் சொல்லும்.

‘எழுபத்தொம்பதுக்கு அப்புறம்?’
‘சொன்னேனேம்மா, எழுபத்திரெண்டு.’
சொல்லவில்லை.
பொய்யும் சொல்லவில்லை.
ஓய்வு கேட்டுக் கேட்டு அலுத்த செல்கள்
நின்ற இடத்திலேயே கண்ணயர்ந்து எழுகின்றன.
வருகைப் பதிவேட்டில்
முழு நாளும் ஆஜர்.

என் மகளுக்குப் பல் முளைக்கிறது.
பதினொரு நாளாக நான் எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று
யாரும் சீட்டில் எழுதவில்லை.
ஓடுகிற கோடுகளுக்கு மேலே
நேரம் போட்டுக் குறிப்பு தட்டுவது என் வேலை.
9.12 கண் திறப்பு.
9.14 கணக்கு தொடக்கம்.
9.15 பதில் இல்லை.
9.16 வளையல்.

மறுபடி பார்த்தேன்.
என் விரல்கள்தான்.
எப்போது தட்டினேன் என்று என்னிடம் எதுவும் இல்லை,
அந்த ஒரு நிமிஷத்துக்கு
என் தலையில் ஒயரும் இல்லை.
அழித்தேன்.
‘நோயாளி ஒத்துழைக்கிறார்’ என்று போட்டேன்.

விளக்கை அணைத்து, இப்போது தூங்கலாம் என்றதும்
தண்ணீருக்குள் கல் போட்ட மாதிரி போய்விட்டார்.
இருபது நிமிஷம் பதிவு.
அழகான தூக்கம். அதைப் பார்க்கப் பார்க்க
எனக்குப் பொறாமையில் தொண்டை அடைத்தது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அஞ்சலாட்சி.
மடியில் ஸ்கேன் கவர், செருப்பில் துறைமுகத்துச் சேறு.
அவளையும் யாரும் தூங்கச் சொல்லவில்லை,
தூங்காதே என்றும் சொல்லவில்லை.
‘முடிஞ்சுதா?’
‘தூங்கறாரு. பத்து நிமிஷம்.’
தலையைச் சுவரில் சாய்த்தாள்.
கண்ணை மூடியபடியே,
யாரிடம் என்று தெரியவில்லை, சொன்னாள்:
‘பதினாலுதான்.’